புவெப்லா (மெக்ஸிகோ): ஒரே நாளில் போய் வரலாமா, இரண்டு இரவு தங்கலாமா?

#1 ஹூஸ்டன் செல்வி

எல்லோருக்கும் வணக்கம். மார்ச்சில் பையனுக்குப் பள்ளி விடுமுறை. மெக்ஸிகோ சிட்டிக்கு ஆறு இரவு டிக்கெட் போட்டாகிவிட்டது. நான், கணவர், பத்து வயதுப் பையன், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. கான்கூன் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார், கடற்கரை பார்க்க மெரினா போதுமாம். பழைய ஸ்பானியக் கால ஊர் ஒன்றை நிதானமாகப் பார்க்க எனக்கு ஆசை. குவானஹ்வாதோ தூரம், புவெப்லா பக்கம் என்கிறார்கள். டூர்க்காரர்கள் எல்லோரும் சோலூலாவையும் (பக்கத்துப் பிரமிடு ஊர்) புவெப்லாவையும் சேர்த்து ஒரே நாளில் காட்டுகிறார்கள். அது போதுமா, தங்க வேண்டுமா? அம்மா சுத்த சைவம். முட்டி வலியும் உண்டு.

#2 கணக்குப்பிள்ளை

ஒரு நாள் தாராளமாகப் போதும். மெக்ஸிகோ சிட்டியின் கிழக்கு பஸ் நிலையம் தாப்போ. அங்கிருந்து புவெப்லா சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், பஸ் அடிக்கடி உண்டு. காலை 7 மணி பஸ் பிடித்தால் 9 மணிக்கு அங்கே. பார்க்க வேண்டியது எல்லாம் நடு ஊரில் பத்துத் தெருவுக்குள். கதீட்ரல், பழைய நூலகம், தங்கச் சிற்றாலயம், மதியச் சாப்பாடு, கொஞ்சம் கடைத்தெரு. ராத்திரி 8 மணிக்குத் திரும்பிவிடலாம். ஆறு இரவில் இரண்டை அங்கே கொடுத்தால் தலைநகரத்தில் மானுடவியல் அருங்காட்சியகத்துக்கும் தியோதிவாகான் பிரமிடுகளுக்கும் நேரம் எங்கே இருக்கும்? பெட்டி படுக்கையை மூட்டை கட்டி அவிழ்க்கும் வேலை வேறு.

#3 ஊர்சுற்றி

கணக்குப்பிள்ளை சாருடன் ஒத்துப்போக முடியவில்லை. அவர் சொல்கிற கணக்கில் மெக்ஸிகோ சிட்டியின் சாயங்கால டிராஃபிக்கைக் காணோம். திரும்பும்போது அந்த இரண்டு மணி நேரம் மூன்றரை ஆனது எனக்கு.

புவெப்லாவைப் பகலில் மட்டும் பார்ப்பது, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மேளம் கேட்காமல் வருவது மாதிரி. டூர் பஸ்கள் கிளம்பிய பிறகுதான் சோகலோ (நடு ஊர்ச் சதுக்கம்) உள்ளூர்க்காரர்கள் கைக்கு வரும். பலூன்காரர், ஷூ பாலிஷ் போடுகிறவர், பெஞ்சில் தாத்தாக்கள். பின்னால் கதீட்ரல் விளக்கு வெளிச்சத்தில். 1575-இல் தொடங்கி 1649-இல் புனிதப்படுத்தித் திறந்த கட்டடம் அது. மணியை அவ்வளவு உயரமான கோபுரத்துக்கு ஏற்ற முடியாமல் ஆட்கள் தூங்கிப்போனபோது தேவதூதர்கள் வந்து ஏற்றினார்கள் என்று ஊரில் கதை. ஊரின் பழைய பெயரே தேவதூதர்களின் புவெப்லாதான். 1531-இல் மெக்ஸிகோ சிட்டிக்கும் வெராகிரூஸ் துறைமுகத்துக்கும் நடுவில் ஸ்பானியர்கள் புதிதாகப் போட்ட ஊர்.

தெருக் கணக்கை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். சோகலோ மூலைதான் பூஜ்யம். வடக்கே போகப் போக 2, 4, 6 என்று இரட்டைப்படை அவெனிதா (பெரிய தெரு). தெற்கே 3, 5, 7 என்று ஒற்றைப்படை. ஒவ்வொன்றுக்கும் கிழக்குப் பாதி ஓரியெந்தே, மேற்குப் பாதி போனியெந்தே. குறுக்குத் தெருக்களுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. "6 ஓரியெந்தே" என்றால் வடக்கே, கிழக்குப் பக்கம். இது பிடிபட்டால் மேப்பே வேண்டாம்.

இன்னொன்று: திங்கட்கிழமை போகாதீர்கள். நூலகம் உட்பட பாதி இடம் மூடியிருக்கும். அம்பாரோ அருங்காட்சியகம் மட்டும் திங்களன்று திறந்து செவ்வாயன்று மூடும். அதன் மொட்டைமாடியிலிருந்து கதீட்ரல் கோபுரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்.

#4 சட்னி

சைவம் பற்றி நான் சொல்கிறேன், பட்டவள்.

"சின் கார்னே" (கறி இல்லாமல்) என்று கேட்டால் கோழி போட்டுத் தருவார்கள். அவர்களுக்குக் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டுக்கறி, கோழி வேறு கணக்கு. "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" என்று முழுசாகச் சொல்லுங்கள். அதோடு "சின் மான்தேகா" (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்பதையும் சேருங்கள். பீன்ஸ் மசியலில் அது இருக்கலாம். சாதத்தைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பதும் உண்டு.

வருத்தமான செய்தி: புவெப்லா என்றாலே மோலே. காய்ந்த மிளகாய் மூன்று நான்கு வகை, எள், பாதாம், பட்டை, கிராம்பு, உலர் திராட்சை, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் வறுத்து அரைத்த கறுஞ்சிவப்புக் குழம்பு. வறுக்கிற வாசனை நம் வீட்டு வற்றல்குழம்புப் பொடி வாசனை. ஆனால் கரைப்பது கோழிச் சாற்றில். "கோழித் துண்டு வேண்டாம், குழம்பு மட்டும்" என்றாலும் அம்மாவுக்கு ஆகாது. கேட்டு உறுதி செய்யாமல் தொடாதீர்கள்.

நல்ல செய்தி: பூசணிப்பூ வைத்து மடித்த சோள ரொட்டி, கெசாதியா. பீன்ஸ் தடவிய தடித்த சோள அடை, மெமெலா. எள் தூவிய செமிதா ரொட்டியில் அவகாடோவும் நார்நாராகப் பிரியும் கெசீயோ சீஸும். நடுவே பாபலோ என்று ஒரு தழை வைப்பார்கள், கொத்தமல்லிக்கு அண்ணன், கடுமையான வாசனை. தெருவில் நறுக்கிய மாங்காயில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போட்டுத் தருவார்கள், அம்மாவுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். குடிக்கப் புளித் தண்ணீர், பெயரே தமரிந்தோ. குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

#5 ஹூஸ்டன் செல்வி

அடடா, இவ்வளவு வருமென்று நினைக்கவில்லை, நன்றி! சட்னி அக்கா, அந்த ஸ்பானிய வாக்கியத்தைத் தாளில் எழுதி அம்மா கைப்பையில் போட்டாயிற்று. விசா ஒரு சந்தேகம்: எங்கள் மூவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், எச்1பி (அமெரிக்க வேலை விசா), எச்4 (அதைச் சார்ந்த குடும்ப விசா). அம்மாவுக்கு அமெரிக்க விசிட்டர் விசா.

#6 கணக்குப்பிள்ளை

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. கவனிக்க வேண்டியது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி. வேலை நீட்டிப்புக் காகிதம் கையில் இருக்கிறது, ஒட்டிய விசா காலாவதி என்றால் அது கணக்கில் வராது. என் நண்பன் ஒருவன் விமான நிலைய கவுன்டரிலிருந்தே வீடு திரும்பினான். கிளம்பும் முன் மெக்ஸிகோ தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது "உங்கள் நாணயத்திலேயே மாற்றித் தரட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அது தரும் விலை அநியாயம்.

#7 பழைய பஞ்சாங்கம்

சாப்பாடும் பஸ்ஸும் பேசியாயிற்று. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் புவெப்லாவில் பார்க்க வேண்டிய ஒருவரை யாரும் சொல்லவில்லையே.

சோகலோவிலிருந்து கிழக்கே ஒரு நிமிட நடையில் லா கொம்பானியா என்ற இயேசு சபைக் கோவில். அதற்குள் காதரீனா தே சான் ஹுவான் என்ற பெண்ணின் கல்லறை. இந்தியாவில் பிறந்து, சிறுமியாகப் போர்த்துக்கீசியக் கடற்கொள்ளையரிடம் சிக்கி, கொச்சிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து மணிலாவுக்கு விற்கப்பட்டவள். மணிலாவிலிருந்து ஸ்பானியக் கப்பலில் பசிபிக் கடந்து அகபுல்கோ, அங்கிருந்து புவெப்லாவில் ஒரு கேப்டன் வீட்டு அடிமை. 1620 வாக்கில். பின்னர் விடுதலை பெற்று, ஜெபம், தரிசனம், உபவாசம் என்று வாழ்ந்து, ஊரே புனிதை என்று நம்பும் நிலைக்கு வந்தாள். 1688 ஜனவரியில் இறந்தபோது கூட்டம் நெருக்கியடித்தது. அவளுடைய பாவமன்னிப்புக் குரு அலோன்சோ ராமோஸ் 1689-இலிருந்து மூன்று தொகுதிகளில் அவள் வாழ்க்கையை எழுதினார். திருச்சபையின் விசாரணை மன்றம் (இன்குவிசிஷன்) அந்தப் புத்தகத்தையே தடை செய்துவிட்டது.

அந்தக் கப்பல் வழி 1565-இலிருந்து 1815 வரை ஓடியது. மெக்ஸிகோ வெள்ளி இந்தப் பக்கம் வந்தது, பட்டும் பீங்கானும் மசாலாவும் மனிதர்களும் அந்தப் பக்கம் போனார்கள். நாம் சப்போட்டா என்கிறோமே, அது அவர்களுடைய நாஹுவாத்ல் மொழியின் "ட்சபோத்ல்" தான், ஸ்பானியர் வாய்வழி வந்து சேர்ந்தது.

#8 வைகைக்கரை

ஐயா, அந்தப் பெண் தமிழ் இளவரசி என்று வாட்ஸப்பில் ஒரு காணொளி வந்ததே! மெக்ஸிகோவின் தேசிய உடை "சீனா போப்லானா" கூட அவள் கட்டிய பாவாடை தாவணிதானாம்.

#9 பழைய பஞ்சாங்கம்

தம்பி, இரண்டும் இல்லை. அவளைத் தமிழச்சி என்று சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. ராமோஸ் எழுதியதில் அவள் முகலாய அரச குடும்பத்தோடு தொடர்புள்ளவள் என்று வருகிறது. அதுவும் புனிதர் வரலாறுகளில் வழக்கமாக ஏற்றும் பெருமையாக இருக்கலாம். கொச்சி அவளுக்கு வழியில் வந்த துறைமுகம், பிறந்த ஊர் இல்லை.

அந்த உடை 19-ஆம் நூற்றாண்டில் பிரபலமானது. ஜிகினா வைத்த பாவாடை, பூப்போட்ட ரவிக்கை. "சீனா" என்று அந்தக் காலத்தில் மணிலா கப்பலில் வந்த ஆசியர் எல்லோரையும் அழைத்தார்கள், இவளையும் அழைத்தார்கள். பிற்காலத்தில் உடையின் பெயரையும் இவள் பெயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அவள் கட்டியது என்னவோ துறவிபோல எளிய கறுப்புத் துணிதான் என்று சொல்கிறார்கள். இளவரசியாக இல்லாவிட்டால் என்ன? பத்துப் பன்னிரண்டு வயதில் பிடிபட்ட ஒரு பெண் இரண்டு கடல் தாண்டி, எண்பது வயது வரை வாழ்ந்து பேர் வாங்கியதே போதாதா?

#10 மண்பாண்டம்

செராமிக் வேலை எனக்குப் பொழுதுபோக்கு, அதனால் தலவேரா என்ற வண்ண மட்பாண்ட, ஓட்டு வேலை பற்றிக் கொஞ்சம். புவெப்லாவில் வீட்டுச் சுவர், தேவாலயக் குவிமாடம், சமையலறை எங்கும் ஓடு பதித்திருக்கும். ஸ்பெயினிலிருந்து வந்த கலை. நீலமும் வெள்ளையும் மட்டும் மணிலா கப்பலில் வந்த சீனப் பீங்கானைப் பார்த்து வந்த ஆசை. 2019-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஸ்பெயினோடு சேர்ந்து இடம்பிடித்தது.

எல் பரியான் கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானது தலவேரா மாதிரி. வீட்டில் ஊறுகாய் வைக்க அதுவே போதும், தப்பில்லை. அசல் வேண்டுமென்றால் பட்டறைக்குப் போங்கள், 1824-இலிருந்து நடக்கும் உரியார்தே போன்ற இடங்கள். தட்டைத் திருப்பிப் பாருங்கள், பட்டறைப் பெயரும் வரைந்தவர் எழுத்தும் இருக்கும். அப்புறம் கண்ணை மூடி விரலை மேலே ஓட்டுங்கள். நீலக் கோடுகள் லேசாக மேடாகத் தட்டுப்படும், கோலத்தில் மாவு கெட்டியாக விழுந்த இடம் மாதிரி. வெள்ளையும் பளிச்சென்று இருக்காது, பால் திரிந்தாற்போல ஒரு மங்கல், ஊசிமுனை அளவில் சின்னத் துளைகள். பளபளவென்று பழுதே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

#11 வைகைக்கரை

எல்லோரும் ஓடு, தங்கம், மோலே என்று ரசிக்கிறீர்கள். சான்தோ தொமிங்கோ கோவிலின் அந்தத் தங்கச் சிற்றாலயம் யார் உழைப்பு? சோலூலாவில் பிரமிடை இடித்துத்தானே மேலே சர்ச் கட்டினார்கள்? போய் செல்ஃபி எடுக்க மனசு வருமா?

#12 பழைய பஞ்சாங்கம்

நியாயமான கேள்வி, ஆனால் தகவலைச் சரியாக வைத்துக் கோபப்படுவோம். சோலூலா பிரமிடை இடிக்கவில்லை. கொள்ளளவில் உலகத்திலேயே பெரியது, ஸ்பானியர் வரும்போதே மண் மூடி, புல் முளைத்துக் குன்றாகக் கிடந்தது. அந்தக் குன்றின் உச்சியில் ரெமேதியோஸ் மாதா கோவிலைக் கட்டினார்கள். கொடுமை நடந்தது வேறு இடத்தில்: 1519 அக்டோபரில் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸின் ஆட்கள் சோலூலாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள்.

புவெப்லாவின் செல்வத்தில் ஒப்ராஹே என்ற நெசவுப் பட்டறைகளுக்குப் பெரிய பங்கு. உள்ளே பூட்டி வைத்து வேலை வாங்கினார்கள், பூர்வகுடிகள், ஆப்பிரிக்கர்கள், நம் பக்கத்து ஆட்கள் உட்பட. தங்கச் சிற்றாலயம் 1690-இல் முடிந்தது, காதரீனா இறந்து இரண்டே வருடம். இதையெல்லாம் தெரிந்துகொண்டே நான் போனேன். நிமிர்ந்து பார்த்தபோது வாய் பிளந்ததையும் மறைக்க மாட்டேன்.

தோனான்சின்ட்லா கிராமத்தையும் விடாதீர்கள், சோலூலாவுக்குத் தெற்கே. அங்கே கூரையெல்லாம் மாநிற தேவதூதர்கள், இறகுக் கிரீடம், பழக்குலைகள். எஜமானர் கேட்ட சர்ச்சுக்குள் ஊர்க்காரர்கள் தங்கள் சொர்க்கத்தைச் செய்துவைத்துவிட்டார்கள். உள்ளே படம் எடுக்க விடுவதில்லை, அதனால் செல்ஃபி கவலையும் இல்லை!

#13 ஊர்சுற்றி

செல்வி அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை: சோலூலா குன்று ஏற்றம் செங்குத்து, கரடுமுரடான கல் பாதை. முட்டி வலி என்றால் கீழே சதுக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே அழகு. பாலஃபோக்ஸ் நூலகமும் மாடியில்தான், ஆனால் அந்தப் படி ஏறலாம். பிஷப் பாலஃபோக்ஸ் 1646-இல் தன் 5,000 புத்தகங்களைக் கொடுத்துத் தொடங்கியது. இன்று 45,000-க்கும் மேல். மூன்றடுக்கு தேவதாரு அலமாரி. உள்ளே நுழைந்ததும் பழைய மரமும் தோலும் கலந்த வாசனை.

உயரத்தை மறக்காதீர்கள். சுமார் 2,100 மீட்டர், ஊட்டிக்குக் கொஞ்சம் கீழே. முதல் நாள் மெதுவாக நடங்கள். "சோலூலாவில் 365 கோவில், நாளுக்கு ஒன்று" என்று டாக்ஸிக்காரர் சொல்வார். எண்ணிப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

#14 கணக்குப்பிள்ளை

டாக்ஸி என்றதும் ஞாபகம் வந்தது. புவெப்லா பஸ் நிலையம் காப்பு, ஊருக்கு வடக்கே இருக்கிறது. உள்ளேயே கவுன்டரில் சீட்டு வாங்கி டாக்ஸி எடுங்கள். நான் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளியே நின்றவரோடு போய் இரண்டு மடங்கு கொடுத்தேன். பேர் கணக்குப்பிள்ளை!

#15 ஹூஸ்டன் செல்வி

வந்துவிட்டோம், விவரம் சொல்லாவிட்டால் பாவம். கடைசியில் இரண்டு இரவு தங்கினோம். கணக்குப்பிள்ளை அண்ணா கோபிக்க வேண்டாம், தியோதிவாகானும் பார்த்தோம், விட்டது சோசிமில்கோ படகுதான்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கு விடுதி மொட்டைமாடியில் போபோகாதெபெத்ல் எரிமலை. உச்சியில் பனி, அதற்கு மேல் ஒரு கோடு புகை. உள்ளூர்க்காரர்கள் "தோன் கோயோ" என்கிறார்கள், ஊர்ப் பெரியவர் பேரைச் சொல்கிற மாதிரி. ஒன்பது மணிக்கு மேகம் மூடி ஆள் இருந்த இடமே தெரியவில்லை. ஒருநாள் டூரில் போயிருந்தால் பார்த்திருக்க மாட்டோம்.

கதீட்ரல் வேலி முழுக்கத் தேவதூதர் சிலைகள். பையன் எண்ணத் தொடங்கி இரண்டாவது பக்கத்தில் கணக்குத் தப்பி விட்டுவிட்டான். சோலூலாவில் நானும் அவனும் மட்டும் ஏறினோம். சுரங்கப்பாதை மூடியிருந்தது, அவனுக்கு ஏமாற்றம்.

பஞ்சாங்கம் ஐயா, லா கொம்பானியாவுக்கு இரண்டு தடவை போனோம். முதல் தடவை உள்ளே கல்யாணம். வாசலில் மாரியாச்சி வாத்தியக்காரர்கள். அம்மா அசையவில்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வரும் வரை படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை போய்க் கல்லறையைப் பார்த்தோம். நான் கதையைச் சொன்னேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அவளுக்கு ஊர்ப் பேச்சு கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்திருக்குமா?"

சாப்பாட்டில் சட்னி அக்கா சொன்ன தாள் காப்பாற்றியது. 6 ஓரியெந்தேயில் மிட்டாய்க் கடைகள் வரிசை. காமோதே என்று மெழுகுத்தாளில் சுருட்டிய மிட்டாய், என்ன என்று பார்த்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு! அம்மா இரண்டு பெட்டி வாங்கினார்.

ஆனால் அம்மா இன்றைக்கும் பேசுவது சந்தையைப் பற்றி. ஒரு பாட்டி தரையில் மண்டிபோட்டு மெதாதேயில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். மூன்று கால் வைத்த கறுங்கல், முன்பக்கம் சரிவு, இரண்டு கையாலும் பிடிக்கும் குழவி. அம்மா பேசாமல் போய் எதிரே உட்கார்ந்து, குழவியை வாங்கி, இழுத்து இழுத்து ஐந்து நிமிடம் அரைத்தார். மிளகாயை ஓரத்திலிருந்து வழித்து நடுவில் கொண்டுவரும் அந்தக் கை இருக்கிறதே, இரண்டு பேருக்கும் ஒரே கை. பாட்டி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். என் ஸ்பானிய மொழிக்கு எட்டவில்லை, அம்மா மட்டும் "ஆமா ஆமா" என்று தலையாட்டினார். முட்டி வலிக்கவில்லையா என்று கேட்டால் முறைக்கிறார்.

#16 சட்னி

செல்வி, கண் கலங்கிவிட்டது! அந்தக் கல்லை வாங்கி வந்தீர்களா?

#17 ஹூஸ்டன் செல்வி

மெதாதே எங்கே தூக்குவது, அக்கா? மொல்காஹெதே, அந்தச் சின்னக் கல் உரல் ஒன்று வாங்கினோம். ஆறு கிலோ. கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடிப்பார்கள் என்று பயந்து பெட்டியில் போட்டேன். பெட்டி எடை கூடி, கணவரின் இரண்டு ஜீன்ஸும் என் கோட்டும் போட்டபடியே விமானம் ஏறினோம்.

#18 மண்பாண்டம்

புதுக் கல்லில் உடனே அரைக்காதீர்கள், மணல் வரும். அங்கே பச்சரிசி போட்டு அரைத்துக் கொட்டுவார்கள், மாவு வெள்ளையாக வரும் வரை.

#19 ஹூஸ்டன் செல்வி

அதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, அவரே தொடங்கிவிட்டார். புது ஆட்டுக்கல்லுக்குச் செய்கிற மாதிரிதானாம். மூன்று தடவை அரைத்தாயிற்று, மாவு இன்னும் சாம்பல் நிறம்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் தேங்காய்ச் சட்னி என்கிறார்.